சாமி படத்துக்கு முந்தைய படம்

கனகத்துக்கு இரண்டு வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. ஏமாற்றுகிறவன் ஒரு வகை. ஏமாந்துவிட்டு வந்து, "நல்ல பையனாத்தானுங்க தெரிஞ்சான்" என்று சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டில் எது அதிகம் ஆகாது என்று கேட்டால், பத்தொன்பது வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிற அவளாலேயே சட்டென்று சொல்ல முடியாது.

அன்றைக்குக் காலை துடியலூரில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அவளுடைய ஆபீசுக்கு இரண்டாவது வகை வந்து உட்கார்ந்திருந்தது. பெயர் ராசாத்தாள். வெள்ளகோவில்காரி. நாற்பத்தைந்து வயது, அங்கன்வாடியில் உதவியாளர். விடியும் முன்னே கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த போனை மேஜை மேல் வைத்துவிட்டு, சுட்டுவிட்டதைப் போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்ல பையனாத்தானுங்க தெரிஞ்சான்" என்றாள்.

கனகம் கண்ணை மூடித் திறந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உதய், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் டீயை ஒரு வாய் பெரிதாகக் குடித்தான்.

உதய் அவளுடைய உதவியாளன். முப்பத்திரண்டு வயது. இதற்கு முன் காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை போட்டு, மூன்றே வருடத்தில் இழுத்து மூடியவன். 'போன்ல ஒரு கோளாறும் இல்லீங்க, சார்ஜ் ஓட்டைல அழுக்கு அடைச்சிருக்குது' என்று வந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னதால்தான் நொடித்துப்போனேன் என்பான். காலை பதினொன்றரைக்குக் கடை திறந்ததைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

ராசாத்தாள் சொன்ன கதை புதிதல்ல. அங்கன்வாடியில் குழந்தைகள் வந்தது, சாப்பிட்டது, எடை, உயரம் எல்லாவற்றையும் போனில் ஏற்றவேண்டும். அவளிடம் இருந்த பழைய போனுக்கு அவ்வளவு தெம்பில்லை. புதிது வாங்க அவளுக்குத் தெம்பில்லை. பழைய போன் விற்கிறதாக ஒரு விளம்பரத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் காட்டினாள். இவள் கூப்பிட்டாள். சரவணன் என்று ஒருவன் பேசினான். நாலாம் தேதி பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் பதினோராயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிவந்தாள். இருபது நாள் நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் திடீரென்று சிக்னல் செத்தது. டவர் கோளாறு என்று நினைத்து நாலு நாள் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நேற்று மதியம் அங்கன்வாடிக்கே ஒரு போலீஸ்காரர் வந்து, அது தொலைந்துபோனதாகப் புகார் ஆகி முடக்கப்பட்ட போன் என்றார். நாளைக் காலை பத்து மணிக்குள் போனையும் அதை விற்றவனையும் ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். போன் மட்டும் வந்தால், திருட்டுப் பொருள் வைத்திருந்ததாக அவள் மேல் வழக்கு. சரவணனின் நம்பரோ அன்றைக்கே அணைந்தது, இன்னும் உயிர் பெறவில்லை.

"பதனேழு வருசமுங்க" என்றாள் ராசாத்தாள். "பணியாளரா உசத்தி ஆர்டரு போட்டாச்சு, கையெழுத்துதான் பாக்கின்னாங்க. கேசுன்னு பேரு வந்தா அதைக் கிழிச்சுப் போட்டுருவாங்க. பொறவு ஆயா வேலையும் இருக்காதுங்க."

அவள் அழவில்லை. அதனால்தான் கனகம் அவளை உட்கார வைத்துக்கொண்டாள். அழுகிறவர்களுக்கு அவள் கீழே பேக்கரியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுவது வழக்கம்.

"பில் கேட்டீங்களா அம்மணி?"

"இல்லீங்க."

"பெட்டி?"

"எலி கடிச்சுப்போட்டுதுன்னு சொன்னானுங்க."

"அவனோட ஆதார், லைசென்ஸ், ஏதாச்சும் ஒரு காகிதம்? வித்தேன்னு ஒரு கையெழுத்து?"

ராசாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். பங்காளியிடம் போய் எப்படிங்க அதையெல்லாம் கேட்பது என்றாள்.

அந்த இடத்தில் கனகம் முன்னால் சாய்ந்தாள். எந்தப் பங்காளி என்று கேட்டதற்கு வந்த விளக்கம் இது. போனில் பேசும்போதே அந்தச் சரவணன், எந்த ஊரு, எந்தக் கோயிலுக்குப் போவீங்க என்று அக்கறையாக விசாரித்திருக்கிறான். இவள் தன் குலதெய்வக் கோயிலைச் சொல்லியிருக்கிறாள். அட, நமக்கும் அதே கோயில்தானுங்கக்கா, அப்ப நாம பங்காளிக ஆயிப்போட்டோம் என்று அவன் குளிர்ந்துபோயிருக்கிறான். ஒரே கோயிலைக் கும்பிடுகிற வீட்டுப் பையனிடம் பில்லைக் காட்டு என்று கேட்க இவளுக்கு நாக்கு வரவில்லை.

"கோயில் பேரை மொதல்ல சொன்னது ஆரு? அவனா, நீங்களா?"

ராசாத்தாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. "நானுங்க" என்றாள்.

கனகத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இந்தச் சீமையில் ஒரு கன்றுக்குட்டி வாங்குவதென்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், அப்புறமும் அரை நாள் முகத்தைச் சுளிப்பார்கள். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார்கள். பேங்க் கணக்கு, பிள்ளையின் படம், வேலை என்று வாழ்க்கை மொத்தத்தையும் உள்ளே போட்டு வைக்கிற போனை மட்டும், ஒருத்தன் அக்கா என்று கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். மரியாதைக்குப் பேர்போன ஊர் என்று வெளியூர்க்காரன் மெச்சுகிறான். அந்த மரியாதையை வைத்தே ஒருத்தன் தொழில் நடத்துகிறான்.

இதற்குள் உதய் போனை எடுத்துத் தன் பழைய தொழிலைக் காட்டத் தொடங்கியிருந்தான். ஸ்டார், ஹாஷ், பூஜ்யம் ஆறு, ஹாஷ் என்று தட்டி, அந்தப் போனுக்கே உரிய பதினைந்து இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டான். சிம் தட்டை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். தண்ணீர் பட்டால் சிவக்கிற குட்டி ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. திரையை வெள்ளையாக்கிப் பார்த்தான், கறுப்பாக்கிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான். பேட்டரியின் ஆரோக்கியம் எவ்வளவு என்று தோண்டினான். ஸ்பீக்கரில் காதை வைத்தான், மைக்கில் 'அலோ' என்றான், சார்ஜர் வயரைச் செருகி ஆட்டிப் பார்த்தான். கடைசியில் போனைத் தொலைந்ததாகப் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்கும் அரசாங்கத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டான். சிவப்பாக வந்தது.

"நல்ல போனுங்க மேடம். ஒரிஜினல் டிஸ்பிளே. தண்ணி படலை. பேட்டரி தொண்ணூறு சதவீதம். இந்த வெலைக்கு நானே வாங்கியிருப்பேன்" என்றான். பிறகு ராசாத்தாளைப் பார்த்து, "ஆனா நான் இந்த நம்பரைப் போட்டுப் பாத்திருப்பனுங்க. ரெண்டே நிமிசம். செவப்புன்னா அப்படியே எந்திரிச்சு வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"புகார் குடுத்தது என்னைக்கு கண்ணு?" என்று கேட்டாள் கனகம்.

அவள் கண்ணு என்று கூப்பிட்டால் திட்டு வருகிறது என்று உதய்க்குத் தெரியும். போலீஸ்காரர் சொன்னதை ராசாத்தாள் ஞாபகப்படுத்திச் சொன்னாள். ஓனர் உடுமலைப் பக்கத்து ஆளாம். மூன்றாம் தேதி பஸ்ஸில் தொலைத்தாராம். ஆறாம் தேதி புகார் கொடுத்தாராம்.

"நாலாந்தேதி வித்தாச்சு. ஆறாந்தேதி புகாரு. நாலாந்தேதி நீ நம்பரைப் போட்டிருந்தா என்ன கலரு வந்திருக்கும்?"

உதய் காலரை விட்டுவிட்டான். பச்சை என்று முணுமுணுத்தான்.

"நீயும் பதினோராயிரத்தைக் குடுத்துட்டு இந்தம்மா பக்கத்துல உக்காந்திருப்பே. உன் சோதனையெல்லாம் போனுக்குத்தான். விக்கறவனுக்கு ஒரு சோதனையும் உன்கிட்ட இல்லை."

பிறகு ராசாத்தாளிடம் திரும்பி, நீங்கள் என்னதான் சோதித்தீர்கள் என்று கேட்டாள். கேமரா மட்டும் பார்த்தேன் என்றாள் அவள். பேக்கரி வாசலிலேயே இரண்டு படம் எடுத்தாளாம். முன்னப் பின்னத் தெரியாத ஆம்பளை முகத்துக்கு நேரே கேமராவைப் பிடிப்பது நன்றாக இருக்காது என்று, பக்கமாகத் திருப்பி எடுத்தாளாம்.

உதய் ஆல்பத்தைத் திறந்து கடைசிவரை தள்ளினான். மிகப் பழைய படம் ஒரு கோயில் கோபுரம். அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"பேக்கரிப் படம் எங்கீங்க?"

"அழிச்சுப்போட்டனுங்க தம்பி. போன்ல மொதப் போட்டோ சாமி போட்டோவாத்தான் இருக்கோணும். பப்ஸும் பைக்கும் மொதல்ல இருந்தா வெளங்குமுங்களா? அன்னைக்குப் பொழுதோட கோயிலுக்குப் போயி, வாசல்லயே அதுக ரெண்டையும் அழிச்சுப்போட்டு, கோபுரத்தை எடுத்தனுங்க."

கனகம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் உதயின் முகம் தெளிந்துவிட்டது. சாமி பேரைச் சொல்லி அழித்தாலும் குப்பைத் தொட்டி குப்பைத் தொட்டிதானுங்க என்று சொல்லிக்கொண்டே எதையோ தேடித் திறந்தான். அழித்த படங்கள் முப்பது நாள் அங்கே கிடக்கும். அன்றைக்குத் தேதி முப்பது. நாலிலிருந்து எண்ணினால் இருபத்தாறு நாள் போயிருந்தது.

இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் தட்டும் பாதி பப்ஸும். இன்னொன்றில் ஒரு பைக்கின் முன்பாதி. நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் ராசாத்தாளின் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது. உதய் கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கைரேகை மட்டும் நல்லா வந்திருக்குதுங்க, ஆனா அது நம்ம ஆளோடதா போச்சு என்றான்.

கனகம் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. பைக்கின் ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை தொங்கியது. அதன் வாயில் வெள்ளைப் பெட்டியின் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது. போன் படம் போட்ட பெட்டி. எலி அதைத் தொட்டிருக்கவே இல்லை.

"பெட்டியோட வந்திருக்கான். சார்ஜரையும் போனையும் எடுத்துக் குடுத்துட்டுப் பெட்டியைப் பத்திரமா திருப்பி எடுத்துட்டுப் போயிருக்கான். பெட்டியோட வித்தா ஆயிரம் ரூவா சேத்தி வாங்கலாம். அதை வேண்டாம்ங்கறவன், அந்தப் பெட்டிக்கு வேற வேலை வெச்சிருக்கான். பையில என்னமோ எழுதியிருக்குது, அதைப் பெருசு பண்ணு."

அது ஒரு தாம்பூலப் பை. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுக்கிற பை. 'அக்ஷிதா – சாய்குமார் திருமண விழா' என்று இருந்தது. கீழே ஒரு மண்டபத்தின் பெயர், உடுமலைப்பேட்டை, தேதி.

உதய் சோர்ந்துபோனான். உடுமலைப் பக்கத்துக் கல்யாணமென்றால் ஆயிரத்தைந்நூறு பேருக்குக் குறையாது, ஆளுக்கொரு பை, சில பேர் மூன்று கேட்டு வாங்கியிருப்பார்கள், இதில் யாரென்று தேடுவது என்றான்.

"தேதியைப் படிடா."

"பதினொண்ணுங்க."

"படம் எடுத்தது?"

"நாலு."

சொல்லிவிட்டு உதய் நிமிர்ந்தான். கனகம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே கல்யாணத்துத் தாம்பூலப் பையை பைக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறவன், விருந்தாளியாக இருக்க முடியாது.

மண்டபத்துக்குப் போன் போட்டு, ஆல்பம் கொடுக்க வந்த போட்டோகாரன் என்று உதய் பொய் சொன்னான். பெண் வீட்டு விலாசம் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. பெண்ணின் அப்பா பெயர் அழகிரிசாமி. தேங்காய் மண்டிக்காரர். இத்தனை சுலபமாக விலாசத்தைத் தூக்கிக் கொடுக்கிற மேனேஜரையும் கனகம் மனதுக்குள் ஒரு வார்த்தை திட்டினாள்.

மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள். கிணத்துக்கடவு தாண்டும்வரை உதய் வாயை மூடவில்லை. பெண் வீட்டுக்காரப் பையன் எவனோ பஸ்ஸில் போனைத் திருடி விற்றிருக்கிறான், அவ்வளவுதான் என்று முடித்தே விட்டான். கனகம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள், பின் ஸீட்டுக்குத் திரும்பி ராசாத்தாளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். போனை முதலில் திறந்தபோது பழைய ஓனருடைய கணக்கு, பாஸ்வேர்டு என்று ஏதாவது கேட்டதா?

இல்லை என்றாள் ராசாத்தாள். புது போன் போலத் துடைத்து வைத்த மாதிரி இருந்ததாம். பையனே கணக்கெல்லாம் எடுத்துட்டேன் என்று சொன்னானாம்.

இது உதய்க்குத் தெரிந்த விஷயம். முறையாகக் கணக்கை எடுத்துப் போனைத் துடைக்க, அதன் பூட்டும் பாஸ்வேர்டும் தெரியவேண்டும். தெரியாமல் பட்டனை அமுக்கித் துடைத்தால், திறக்கும்போது பழைய ஓனரின் கணக்கைக் கேட்டு அது மல்லுக்கட்டும். அதை உடைத்துக் கொடுக்கவும் கடைகள் இருக்கின்றன என்று அவனே சேர்த்துச் சொன்னான்.

"மூணாந்தேதி பஸ்ல திருடி, உடைக்கற கடையைத் தேடி, விளம்பரம் போட்டு, நாலாந்தேதி மத்தியானம் வித்துட்டான். நல்ல சுறுசுறுப்பான திருடன். நீ கடை வெச்சிருந்தப்ப இப்படி ஒரு நாள் வேலை செஞ்சிருக்கியா?" என்றாள் கனகம்.

அதற்கப்புறம் உதய் பொள்ளாச்சி வரை பேசவில்லை.

அழகிரிசாமியின் வீட்டு வாசலில் பந்தல் போட்ட குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. உதயையும் ராசாத்தாளையும் தெருமுனையில் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கனகம் மட்டும் உள்ளே போனாள். அழகிரிசாமி அறுபது வயது மனிதர். வந்தவளை யாரென்று கேட்பதற்கு முன்னால் மோர் கொடுத்தார். இவரும் இரண்டாவது வகைதான், இவரிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம் என்று கனகம் நினைத்துக்கொண்டாள்.

தன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், உங்கள் வீட்டுத் தாம்பூலப் பையைப் பார்த்ததிலிருந்து அதேபோல அடிக்க ஆசை என்றும் ஆரம்பித்தாள். அழகிரிசாமிக்கு முகம் மலர்ந்தது. எழுந்து போய்ப் பூஜை அறையிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து காட்டினார்.

"இது சாம்பிளுங்க. திருப்பூர்ல அடிச்சது. மொத்தமா அடிக்கறதுக்கு முந்தி எழுத்து சரியா இருக்குதான்னு பாக்க ரெண்டே ரெண்டு பை அடிச்சுக் குடுத்தாங்க. ஒண்ணை சாமிகிட்ட வெச்சுட்டோம். மத்ததெல்லாம் ஒம்பதாந்தேதிதான் லாரி பார்சல்ல வந்துது."

கனகம் மோரைக் கீழே வைத்தாள். "அந்த இன்னொண்ணுங்க?"

அது சுரேந்தரிடம் இருக்கும் என்றார் அவர். சுரேந்தர் என்றால் அவருடைய தூரத்து உறவுப் பையன், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், கல்யாண வேலை மொத்தமும் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடியவன். நாலாம் தேதி பைக்கில் திருப்பூர் போய் சாம்பிளை வாங்கிக்கொண்டு, பல்லடம் வழியாகத் திரும்பியவனும் அவன்தான். அந்த அலைச்சலிலும் பாவம், அவனுக்கு நேரம் சரியில்லை. அதற்கு முதல் நாள்தான் பஸ்ஸில் போனைத் தொலைத்திருந்தான்.

"போன் தொலைஞ்சுதுங்களா?"

"ஆமாங்க. இந்த வருசத்துல இது மூணாவது." அழகிரிசாமி சிரித்தார். "ஆனா அவன் ராசிக்காரனுங்க. மொத ரெண்டும் போலீஸ்காரங்க கண்டுபுடிச்சு, கூப்பிட்டுக் கையில குடுத்துட்டாங்க. இதுவும் கெடைச்சிரும் பாருங்க. பில்லு, பெட்டி எல்லாம் அத்தனை பத்திரமா வெச்சிருப்பான்."

கனகத்துக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு கேவலமான மெச்சுதலும் வந்தது. எவனோ திருடி விற்றான் என்று அவளும் பாதி வழி நம்பிக்கொண்டுதானே வந்தாள். திருடனே இல்லை. தன் போனைத் தானே விற்பது. இரண்டு நாள் கழித்துத் தொலைந்ததென்று புகார் கொடுப்பது. பில்லும் பெட்டியும் தன் பெயரில், தன் கையில். வாங்கினவளிடம் காகிதம் ஒன்றும் கிடையாது, பங்காளி பாசம் மட்டும்தான். போலீஸ் பாடுபட்டுப் போனைத் தேடிப்பிடித்து, கும்பிட்டு இவனிடம் கொடுக்கும். இவன் மறுபடி விளம்பரம் போடுவான். முதல் இரண்டு போனை வாங்கினவர்கள் மானம் தப்பினால் போதுமென்று போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதாக வாங்கினவளுக்கு விற்றவனையும் கூட்டி வா என்கிறார்கள். அவள் எங்கே போவாள்?

அழகிரிசாமியிடம் ஒரு நல்ல செய்தி சொன்னாள். தான் துப்பறியும் நிலையம் நடத்துவதாகவும், தொலைந்த அந்தப் போன் தன்னிடமே வந்துவிட்டதாகவும், எண் சரிதானா என்று பார்க்கப் பெட்டியும் பில்லும் மட்டும் வேண்டும் என்றும் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அழகிரிசாமி உடனே கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் பைக் வந்து நின்றது.

சுரேந்தருக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். நெற்றியில் திருநீறு, பேச்சில் தேன். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். பெட்டியையும் பில்லையும் போட்டுக் கொண்டுவந்திருந்த பையைப் பார்த்ததும் கனகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை திட்டம் போடத் தெரிந்தவனுக்கு வேறொரு பை கிடைக்கவில்லை.

பெட்டியின் அடியில் இருந்த எண்ணை அவனே சத்தமாகப் படித்தான். கனகம் உதய் குறித்துக்கொடுத்த சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். பதினைந்து இலக்கமும் சரியாக இருந்தது.

"எங்கீங்க தொலைச்சீங்க?"

"மூணாந்தேதி பஸ்லீங்க. அசந்து தூங்கிப்போட்டனுங்க. கண்ணு முழிச்சுப் பாத்தா சட்டைச் சோப்புல இல்லீங்க."

"நாலாந்தேதி பல்லடத்துல தூங்கலீங்களா?"

அவன் திரும்பி அழகிரிசாமியைப் பார்த்தான். கனகம் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினாள். தெருமுனையிலிருந்து கார் வந்து பைக்கை ஒட்டினாற்போல நின்றது. பைக் நகர வழியில்லை. உதய் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

ராசாத்தாள் இறங்கினாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசல்படி ஏறி வந்தாள். சுரேந்தரின் முகத்தில் இருந்த தேன் எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் பில்லைப் பிடித்தபடி நின்றான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. பதினேழு வருடமாகக் குழந்தைகளோடு பேசுகிற அதே குரல்தான்.

"ஏனுங்க பங்காளி, அன்னைக்குக் கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துதுங்க, உட்டுப்போட்டேன். பில்லு வெச்சிருக்கீங்களா?"

பில் அவன் கையில் இருந்தது. அவன் பெயர் அதில் இருந்தது. கனகம் அதை அவன் விரல்களிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, நாலாம் தேதி மத்தியானம் எடுத்த படத்தை அழகிரிசாமியிடம் காட்டினாள். பைக், பை, பெட்டியின் மூலை. அவர் தன் மடியில் இருந்த பையைப் பார்த்தார், சுரேந்தர் கையில் இருந்த பையைப் பார்த்தார். உலகத்திலேயே அன்றைக்கு இரண்டு பைகள்தான் இருந்தன என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னவர் அவரேதான்.

"எம் புள்ள கல்யாணப் பையிலயாடா இந்த வேலையைச் செஞ்சே?" என்றார். கூடவே, அவன் முதலில் தொலைத்த போனை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்பதும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவனை அடிக்க எழுந்தவர், அடிக்கக்கூடத் தகுதி இல்லை என்பதுபோல உட்கார்ந்துவிட்டார்.

சுரேந்தர் ஏதேதோ சொல்லத் தொடங்கினான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றான், அக்கா என்றான், குலதெய்வத்தின் மேல் சத்தியம் என்றான். எந்தக் கோயில் குலதெய்வம் என்று உதய் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

கனகம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கேட்ட இரண்டையும் இன்றைக்குச் சாயங்காலமே கொண்டுவருகிறேன், போன், விற்றவன், கூடவே நீங்கள் கேட்காத பில், பெட்டி, பழைய புகார் இரண்டு என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து, அந்த அம்மாவைச் சாட்சியாகத்தானே போடவேண்டும் என்று கேட்டார்கள். சாட்சிதான் என்று கனகம் அழுத்திச் சொல்லிவிட்டு வைத்தாள். ராசாத்தாளுக்கு அது காதில் விழுந்தது. அப்போதுதான், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கண்ணீர் இரண்டு சொட்டு விழுந்தது. கனகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

சுரேந்தரைக் காரில் ஏற்றப் போகும்போது, ராசாத்தாள் கொஞ்சம் இருங்க என்றாள். போனை எடுத்தாள். பேக்கரி வாசலில் பக்கமாகத் திரும்பின கை, இப்போது அவன் முகத்துக்கு நேரே நின்றது. பெட்டி, பில், பை, முகம் எல்லாம் விழுகிற மாதிரி இரண்டு அடி பின்னால் போய், கட்டைவிரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இதையும் அழிச்சுப்போடாதீங்கக்கா" என்றான் உதய்.

"இல்லீங்க தம்பி. இது இருக்கட்டும்" என்றாள் அவள். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."